கரிசல் நிலத்துப் பிசின்கள்: பெயரும் பண்பும் பயனும்

1. தோற்றுவாய்

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்தில், கைலாசநாதர் கோயிலால் பெயர் பெற்று விளங்குவது பசுவந்தனை. அதனைச் சூழ்ந்த நிலம் கரிசல். மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுக்கும் இம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இப்பகுதியில் மரங்கள் மிகுதியில்லை. உள்ளவை வறட்சியைத் தாங்கி நிற்பன. கண்மாய்களில் கருவேலும், மேட்டு நிலத்தில் வெள்வேலும் குடைவேலும், ஊர்ப்புறத்தில் வேம்பும் புளியும் விளாவும் முருங்கையும், தரிசு எங்கணும் சீமைக்கருவேலும் காணப்படுகின்றன. இவற்றுட் பல அடிமரத்தில் பிசின் வடிப்பன. புளி தன் கொட்டையுள் பிசின் பொதிந்து வைத்திருப்பது.

பிசின் என்பது எளிய பொருள். பேச்சு வழக்கில் நாள்தோறும் பயிலும் சொல். ஆயினும், அச்சொல் எப்பொருளை உணர்த்துகிறது என்று வினவின், விடை எளிதாக இல்லை. நீரில் கரைவதும் பிசின். நீரில் கரையாமல் நெருப்பில் எரிவதும் பிசின். ஆலையில் செயற்கையாக ஆக்கப்படுவதும் இன்று பிசின் எனவே வழங்குகிறது. இம்மயக்கம் அகராதியோடு நிற்பதன்று. கலைச்சொல் ஆக்குவோரையும், அறிவியல் கற்கும் மாணவரையும், மரத்தடியில் பிசின் பொறுக்கி விற்கும் ஏழையையும் அது ஒருங்கே தாக்குகிறது. ஆதலின், கரிசல் நிலத்து மரங்களைச் சான்றாகக் கொண்டு, பிசினின் பண்பையும் தொழிற்பயனையும் விளக்கி, அவற்றின் துணையால் பெயரைத் தெளிவு செய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

பிசின் என்னும் சொல் பிசுபிசுத்தல், பிசுக்கு முதலியவற்றோடு உறவுடையது. ஒட்டும் தன்மையே அதன் அடிப்படைக் கருத்து. கைப்பொருளை விடாது பற்றிக்கொள்பவனைப் ‘பிசினி’, ‘பிசினாறி’ என்று மக்கள் இகழ்வது இக்கருத்துப் பற்றியே. பசை என்பதும் ஒட்டும் தன்மையே பற்றி எழுந்த சொல்லாயினும், வழக்கில் அது வேறு நெறியிற் சென்றது. அன்பு, பற்று, ஈரம் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. செல்வமுடையவரைப் ‘பசையுள்ளவர்’ என்பர். ஒட்டும் இயல்பு ஒன்றே ஒரு சொல்லில் பழியாகவும் மற்றொன்றில் சிறப்பாகவும் முடிந்தமை கருதத்தக்கது.

பயின் என்னும் பழஞ்சொல்லும் பிசினைக் குறிக்கும். வெள்ளைக் குங்கிலியம் தரும் மரம் மலையாளத்தில் வெள்ளைப்பயின் எனப்படுவதை நோக்க, நீரில் கரையாத வகையையும் அச்சொல் தழுவி நின்றமை புலனாகும். கோந்து என்பது வடநாட்டு மொழிகளிலிருந்து வாணிகத்தின் வழியாகத் தமிழில் வந்து கலந்தது. அஞ்சலகத்திலும் அச்சகத்திலும் பள்ளியிலும் அதுவே பெருவழக்காயிற்று.

அயல் மொழியாளர் இப்பொருளுக்குப் பெயரிட்ட முறையையும் ஒப்பு நோக்குதல் நன்று. உலகச் சந்தையில் முதலிடம் பெறுவது அரபுப் பிசின். ஆனால் அது பெரும்பான்மையும் சூடான் முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் கிடைப்பது. அரபுத் துறைமுகங்களின் வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் அப்பெயர் பெற்றது. இந்தியக் காடுகளில் வெக்காலி மரத்திலிருந்து எடுக்கப்படும் பிசின் வாணிகத்தில் ‘காட்டி’ எனப்படும். மலைக் கணவாய்களின் வழியே கொணரப்பட்டமை அப்பெயருக்குக் காரணம் என்பர். இவ்விரண்டும் வழியாற் பெற்ற பெயர்கள். தமிழ் வழக்கோ மரத்தின் பெயரையே முன்னிறுத்துகிறது: கருவேலம்பிசின், வேப்பம்பிசின், விளாம்பிசின், முருங்கைப்பிசின். சரக்கு வந்த வழியைக் கூறும் பெயரினும், பிறந்த மரத்தைக் கூறும் பெயரே பொருளின் பண்பை அறிதற்கு உதவும் என்பது பின்னர் விளங்கும்.

3. பிசின் தோன்றும் முறை

மரத்தின் பட்டையில் காயம் படினும், பூச்சி துளைப்பினும், கடும் வறட்சி தாக்கினும், சில மரங்கள் தம் திசுக்களினின்று ஒருவகைக் கூழ்ப்பொருளை வெளியிடும். அது காயத்தை மூடிக் காற்றிலும் வெயிலிலும் உலர்ந்து கட்டியாகும். இதுவே பிசின். ஆகவே, பிசின் மரத்தின் தற்காப்பு எனலாம். மாசி முதல் வைகாசி வரையுள்ள வெப்ப காலத்தில் அது மிகுதியாக வடிதலும், மழைக்காலத்தில் நின்றுவிடுதலும் இதனாலேயே. செழிப்பான நிலத்து மரத்தினும் வறண்ட நிலத்து மரம் பிசினுக்கு ஏற்றதாதல், கரிசற்காடு பெற்ற பேறுகளுள் ஒன்று.

வேதியியல் நோக்கில், பிசின் என்பது பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகவும் கிளையாகவும் பிணைந்த பெருமூலக்கூறு. கருவேலம்பிசினில் அராபினோஸ், காலக்டோஸ் என்னும் சர்க்கரைகள் சிறந்து நிற்கும். குளுக்குரோனிக் அமிலமும் உண்டு. அவ்வமிலப் பகுதியோடு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை உப்பாகச் சேர்ந்திருக்கும். சர்க்கரையாலாகிய பொருளாதலின் பிசின் நீரை விரும்பும். எண்ணெயிலும் எரிசாராயத்திலும் கரையாது. நெருப்பிலிட்டால் உருகாமற் கருகும்.

குங்கிலியம் இதற்கு முற்றிலும் மாறானது. அது டெர்ப்பீன் என்னும் இனத்துப் பொருள்களால் ஆயது. நீரில் கரையாது, எரிசாராயத்தில் கரையும், நெருப்பில் உருகி மணப்புகையோடு எரியும். இரண்டும் கலந்தனவும் இயற்கையில் உள. அடுக்களைப் பெருங்காயத்தில் பிசினும் குங்கிலியத் தன்மையுள்ள பகுதியும் கந்தகம் கலந்த மணநெய்யும் ஒருங்கே அமைந்துள்ளன. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் இவற்றோடு அரபுப் பிசினும் மாவும் மேலும் சேர்க்கப்படுகின்றன. அரக்கு, மரத்தில் வாழும் பூச்சியொன்று சுரப்பது; மரப்பிசின் அன்று.

எனவே, நீரும் நெருப்பும் எரிசாராயமும் ஆகிய மூன்றைக் கொண்டு, ஆய்வுக்கூடமின்றியே பிசினையும் குங்கிலியத்தையும் பிரித்தறியலாம்.

4. நீரில் காட்டும் வேறுபாடு

பிசின்களுக்குள்ளும் நீரில் ஒழுகும் முறை ஒரு தன்மையதன்று. அவற்றை மூவகையாகக் கொள்ளலாம்.

முதலாவது, முழுதும் கரைவன. அரபுப் பிசின், கருவேலம்பிசின், விளாம்பிசின் ஆகியவை இவ்வகையின. நீருக்குச் சம எடை அளவில் இட்டாலும் அரபுப் பிசின் கரைந்துவிடும். அவ்வளவு செறிந்தும் கரைசல் பாய்ந்து ஓடும். பிற பிசின்களுள் பல நூற்றுக்கு ஒரு பங்கு இட்ட அளவிலேயே நீரைக் கூழாக்கிவிடும் என்பதை எண்ணின் இதன் அருமை புலனாம்.

இரண்டாவது, கரையாமல் ஊறிப் பருப்பன. பாதாம் பிசின் இதற்குச் சிறந்த சான்று. சிறு கட்டியொன்று ஓரிரவு நீரில் ஊறினால் பன்மடங்கு பருத்து, பளிங்குபோல் கிண்ணத்தை நிறைக்கும். மதுரையின் ஜிகர்தண்டாவைப் பருகியோர் இதனை நன்கறிவர். முருங்கைப்பிசினும் நீரில் ஊறும் இயல்பினது. வடியும்போது வெண்மையாக இருந்து, நாட்பட நாட்படச் செந்நிறமும் கருநிறமும் கொள்ளும். இந்தியக் காடுகளில் கிடைக்கும் கராயா என்னும் பிசினும் இவ்வினத்தது. அதில் அசெட்டைல் தொகுதி இருத்தலின், நாட்பட்ட சரக்கில் காடியின் நெடி எழும்.

மூன்றாவது, விதையினின்று பெறப்படுவன. இவை காயத்தால் வடிவன அல்ல. முளைக்கும் கன்றுக்கென விதையுள் சேமித்து வைக்கப்பட்ட உணவு. கொத்தவரையும் புளியும் இவற்றுள் தலையாயவை. சிறிதளவு மாவே நீரைப் பெரிதும் தடிக்கச் செய்யும்.

கரைதல், ஊறுதல், தடித்தல் என்னும் இம்மூன்று தொழிற்பெயர்களே பிசினின் தொழிற்பயன் அனைத்துக்கும் திறவுகோல். எப்பிசின் எத்தொழிலுக்கு உரியது என்பதை விலையன்று, இவ்வியல்பே முடிவு செய்கிறது.

5. தீப்பெட்டி ஒன்றில் மூன்று ஒட்டுப்பொருள்கள்

இவ்வுண்மையை விளக்கக் கரிசல் நிலத்தின் தொழிலைவிடச் சிறந்த சான்று இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பின்னர் அது சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவியது. மானாவாரி வேளாண்மை பொய்த்த ஆண்டுகளில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என மக்கள் வழங்கும் பட்டறைகளே இங்குள்ள குடும்பங்கள் பலவற்றைக் காத்தன.

தீக்குச்சியின் தலையிலுள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம் முதலியவற்றைப் பிணைத்து நிறுத்துவது வஜ்ஜிரம். இது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் புரதப்பொருள். பிசின் மலிந்த நிலத்தில் பிசின் இருக்க, விலங்குப் பொருளை நாடுவானேன் என்ற ஐயம் எழலாம். சூடான வஜ்ஜிரக் கரைசல் நுரைத்துக் காற்றுக் குமிழிகளைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். ஆறியவுடன் இறுகி நிற்கும். அந்நுண்துளைகளே மருந்து சீராக எரிய உதவுவன. கருவேலம்பிசினோ அரபுப் பிசினோ ஆறினும் இறுகுவதில்லை. நீர் வற்றினாலன்றிக் கெட்டியாகா. ஒட்டுதலில் வல்லதாயினும், இத்தொழிலுக்குப் பிசின் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

மரச்சிம்பால் செய்த பெட்டிக்கு நீலத்தாள் ஒட்டிய நாளில், அதற்குப் பயன்பட்டது மாவைக் காய்ச்சிய பசை. பூச்சி அரியாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அயோடின் துளி பட்டால் மாவுப்பசை நீலமாகும். மரத்தில் வடியும் பிசின் நிறம் மாறாது. பசையும் பிசினும் வெவ்வேறு என்பதற்கு இது கண்கூடான சான்று.

மூன்றாவது ஒட்டுப்பொருளாகிய பிசின், பெட்டியில் ஒட்டுவதற்கு வரவில்லை. பெட்டியின் படத்தை அச்சிடுவதற்கு வந்தது. 1796ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியராகிய அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டார். எழுத்து எண்ணெய் மையால் அமையும். எஞ்சிய வெற்றிடத்தில் மை படியாமலிருக்க, அரபுப் பிசினும் அமிலமும் கலந்த கரைசல் பூசப்படும். நீர்விரும்பியாகிய பிசின் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தை ஏற்று மையை விலக்கும். கல்லின் இடத்தை அலுமினியத் தகடு பெற்ற பின்னரும் இம்முறை மாறவில்லை. சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களில் தகட்டுக்குக் ‘கோந்து போடுதல்’ என்பது இதுவே. ஒட்டும் பொருள் என்று நாம் கருதும் பிசின், இங்கே மை ஒட்டாமல் தடுக்கும் பணியைச் செய்கிறது.

சிவகாசிப் பட்டாசுத் தொழிலிலும் இவ்வேறுபாடு புலப்படும். கம்பி மத்தாப்பின் கலவையைக் கம்பியோடு பிணைப்பது டெக்ஸ்ட்ரின். அது மாவை வறுத்துப் பெறுவதாதலின் பசையின் வழித்தோன்றலே.

6. உணவும் ஓவியமும் சாயமும்

எண்ணெயும் நீரும் இயல்பாகக் கலவா. அரபுப் பிசினில் சர்க்கரைச் சங்கிலியோடு பிணைந்த சிறிதளவு புரதம் உண்டு. அப்புரதம் எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொள்ள, சர்க்கரைப் பகுதி நீரை நோக்கி நிற்கும். அதனால் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் மிதக்கின்றன. குளிர்பானங்களில் மணநெய் மேலே திரளாமல் நிற்பது இதனாலேயே. மிட்டாயில் சர்க்கரை படிகமாகாமல் தடுப்பதும், மாத்திரைகளைப் பிணைப்பதும், நீர்வண்ணத்தையும் மையையும் தாளில் நிறுத்துவதும் இதன் பணிகள்.

விளாம்பிசின் நம் நாட்டில் மைக்கும் வண்ணத்துக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. தஞ்சாவூர் ஓவியர் பலகையில் துணியை ஒட்டவும், சுண்ணப்பொடியைக் குழைத்துப் புடைப்பு வேலை செய்யவும் புளியங்கொட்டைப் பசையையும் பிசினையும் கையாண்டனர். வேப்பம்பிசின் மற்றவற்றினும் புரதம் மிகுந்தது. பட்டுக்குச் சாயம் ஏற்றுதலில் அது பயன்பட்டுள்ளது.

7. விதைப் பிசின்கள்

கரிசல் நிலத்து மக்கள் சீனியவரை எனவும், பிறர் கொத்தவரை எனவும் கூறும் காய் நமக்குக் கறிக்கு உரியது. ஆனால் ராஜஸ்தான், ஹரியானா நிலங்களில் அதன் விதைக்காகவே அது பெரும்பரப்பில் பயிராகிறது. விதையிலுள்ள மானோஸ், காலக்டோஸ் சர்க்கரைகள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்த பிசின், குளிர்ந்த நீரையும் விரைவில் தடிக்கச் செய்யும். துணியச்சு, தாள், பனிக்கூழ், சுரங்க வெடிமருந்து ஆகிய தொழில்களில் அது இடம்பெற்றது. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் தொழில் பெருகியபோது, பிளவினுள் மணலைச் சுமந்து செல்லும் நீரைத் தடிக்கச் செய்ய இப்பிசின் வேண்டப்பட்டது. அதனால் விலை மிக உயர்ந்து, 2012 மார்ச்சில் இந்திய அரசு இதன் முன்பேர வணிகத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. 2013 மேயில் அது மீண்டும் தொடங்கியது. கறிக்காயின் விதையொன்று எண்ணெய்க் கிணற்றின் விதியோடு பிணைந்த கதை இது.

புளியங்கொட்டையின் செந்தோலை வறுத்து நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை இடித்த மாவு, சணலுக்கும் பருத்தி நூலுக்கும் கஞ்சியிடப் பயன்படுகிறது. தறியில் பாவு நூல் உராய்ந்து அறாமல் காப்பது இக்கஞ்சியே. குளுக்கோஸ், சைலோஸ், காலக்டோஸ் ஆகியவற்றால் ஆன இப்பொருள் மாவுப்பொருள் அன்றாயினும் அயோடினோடு நீலச்சாயல் காட்டும். பசைக்கும் பிசினுக்கும் இடையே நிற்கும் இதனை மக்கள் ‘புளியங்கொட்டைப் பசை’ என்றே வழங்குவது வியப்பன்று. சர்க்கரைப் பாகோடு சேர்ந்தால் இது இறுகும் இயல்பினது. ஜப்பானியர் இதனை உணவுத் தொழிலில் பெரிதும் கையாளுகின்றனர். கண்ணின் வறட்சிக்கு இடும் சொட்டு மருந்து சிலவற்றிலும் இது சேர்கிறது.

8. பெயரும் விலையும்

உணவில் சேர்த்தற்குரிய அரபுப் பிசின் என்று உலக உணவு, நலவாழ்வு நிறுவனங்களின் வல்லுநர் குழு வரையறுத்திருப்பது, செனகல் வேல், சேயல் வேல் ஆகிய இரண்டன் பிசினையே. ‘இந்திய அரபுப் பிசின்’ என்று வாணிகர் அழைக்கும் கருவேலம்பிசின் அவ்வரையறையில் அடங்காது. ஒட்டுதற்கும் மைக்கும் நன்கு பயன்படினும், அது நிறம் மிக்கது. செனகல் வேற்பிசினின் கரைசல் ஒளியின் தளத்தை இடப்புறம் திருப்ப, கருவேலம்பிசினின் கரைசல் வலப்புறம் திருப்பும். கலப்பை அறிய இச்சோதனை உதவும்.

சீமைக்கருவேல் 1877ஆம் ஆண்டை ஒட்டிக் கடப்பைப் பகுதியில் நடப்பட்டுப் பின்னர்த் தென்னாடெங்கும் பரவியது. நீர்நிலைகளையும் தரிசையும் அது மூடிக்கொண்டமையால், 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டது. கரிசல் மக்களுக்கு அது விறகாகவும் கரிமூட்டமாகவும் பயன்படுகிறது. அதன் பிசின் அரபுப் பிசினை ஒத்த குழம்பாக்கும் திறனுடையது. விதையில் கொத்தவரைப் பிசினின் இனத்துப் பொருளும் உண்டு. குஜராத்தின் கட்சுப் பகுதியில் இப்பிசின் சேகரிக்கப்படுகிறது.

இந்நிலையில், கருவேல், சீமைக்கருவேல், வேம்பு ஆகியவற்றின் பிசினை ஒரே சாக்கில் இட்டுக் ‘கோந்து’ என்று விற்றால் நிகழ்வது யாது? முழுதும் கரையும் சரக்கு, கரையாததோடும் நிறம் மிக்கதோடும் கலந்து, மிகத் தாழ்ந்ததன் விலையையே பெறும். அச்சகம் அதனைக் கொள்ளாது, மருந்தகம் ஏலாது. பொறுக்கியவர் மரத்தையும் அறிவார், பிசினின் குணத்தையும் அறிவார்; அவர் அறிவு பொதுப்பெயரில் மறைந்துவிடுகிறது. மரப்பெயரோடு தனித்தனியே வைப்பின், அவ்வறிவே விலையாகும். 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போர், அரபுப் பிசினை இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்கும் இதனை நினைவூட்டியுள்ளது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1924இல் ராஞ்சியில் அரக்கு ஆராய்ச்சிக்கென எழுந்த நிறுவனம், 2007இல் இயற்கைக் குங்கிலியங்களுக்கும் பிசின்களுக்கும் உரியதாக விரிந்தது. 2022இல் அதன் பெயர் மீண்டும் மாறியது. சோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், எத்திஃபான் என்னும் மருந்தை மரத்தில் சிறு துளையிட்டுச் செலுத்தி, செனகல் வேலின் பிசின் விளைவைப் பெருக்கும் முறையை ராஜஸ்தான் உழவரிடையே பரப்பியுள்ளது. கரிசல் நிலத்து வேல்களுக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் கலைச்சொல் பற்றி இரண்டு முடிவுகள் பெறப்படும்.

ஒன்று, நீரை விரும்பும் சர்க்கரை இனப் பொருளுக்கே பிசின் என்னும் பெயரை வரையறுத்தல் வேண்டும். செயற்கைப் பிசின், அயனிப் பரிமாற்றப் பிசின் எனப் பாடநூல்களில் வழங்குவன குங்கிலிய இனத்தை ஒப்ப நோக்கிப் பெயர் பெற்றவை; அவற்றைப் பிசின் என்பது மாணவனை மயங்கச் செய்யும். குங்கிலியம் என்பது ஒரு மரத்துப் பொருளின் பெயராயிற்றே, இனப்பெயராகுமோ என்பர் சிலர். வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம் என வெவ்வேறு மரங்களின் பொருள்களை அடைகொடுத்துப் பிரிக்கும் வழக்கு முன்னரே உண்டு. அடையால் பிரிக்கப்படுவது இனப்பெயரே. ஆதலின் அத்தடை நில்லாது.

மற்றொன்று, பிசினை மரப்பெயரோடு சேர்த்தே வழங்குதல் வேண்டும். தாவர நூலார் 2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் கூடி, அக்கேசியா என்னும் பேரினப்பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு நிலைநிறுத்தினர். நம் கருவேல் வாசெல்லியா என்னும் பேரினத்துக்குச் சென்றது. அறிவியற்பெயர் மாறிய பின்னும் கருவேல் கருவேலாகவே உள்ளது. கருவேலம்பிசின் என்னும் தொடர் பொருளையும் அதன் பிறப்பையும் ஒருங்கே காட்டி நிற்கிறது. புதிய சொல் தேடிப் புறத்தே செல்வதினும், பசுவந்தனைக் கண்மாய்க் கரையில் வழங்கும் இச்சொல்லாட்சியை ஏட்டிலும் சந்தையிலும் ஏற்றுதல் அறிவுக்கும் வாழ்வுக்கும் பயன் தருவதாகும்.